றெக்கையில் எழுதிய உபயம்

கே: வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் காதோரம் வந்து, "அந்தக் கிடா வேணாம்ணா, கழிச்சல் கண்டது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. சுயநலமில்லாத செயல் என்பது இதுதானே?
– வெறுங்கையோடு வீடு திரும்பியவர், ஒடுகத்தூர்

ப: அரை மணி கழித்து அந்தக் கிடா யார் கயிற்றில் போனது என்று பார்த்தீர்களா? துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற இடம் அது. காதோரம் வரும் நல்ல வார்த்தைக்கும் ஒரு விரல் இருக்கலாம். நிஜமாகவே கழிச்சல் கண்ட ஆடு என்றால், அவருக்கு ஒரு டீ பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

கே: எவ்வளவு பெரிய தியாகமானாலும் சுரண்டிப் பார்த்தால் அடியில் சுயநலம்தான் என்கிறான் காலேஜ் படிக்கும் என் மகன். பதில் சொல்லத் தெரியவில்லை.
– தினமும் வேலூர் பஸ் பிடிக்கும் அம்மா

ப: உங்கள் மகனுக்கு 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே ஒரு கூட்டாளி உண்டு, தாமஸ் ஹாப்ஸ். கிழவர் ஒருவருக்குப் பிச்சை போட்டுவிட்டு, அவர் படும் பாட்டைப் பார்த்து எனக்கு வந்த சங்கடம் தீரத்தான் போட்டேன் என்று சொன்னாராம். நண்பர் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார்.

பையன் வழியிலேயே போவோம். உங்கள் பஸ் போய் நிற்கிற ஊரிலேயே ஆள் இருக்கிறார். ஐடா ஸ்கடர், 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். குடும்பமே டாக்டர், மிஷனரி என்றிருக்க, எனக்கு இந்தியாவே வேண்டாம் என்று இருந்தவர். திண்டிவனத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் கூடாது என்றுவிட்டார்கள். ஐடாவுக்கோ அப்போது வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் பிழைக்கவில்லை.

அந்த ராத்திரி மனசை அறுத்தது, அது தீரத்தான் டாக்டரானார் என்பான் உங்கள் மகன். சரி. ஆனால் மன உறுத்தல் தீர அதைவிட மலிவான வழி கையிலேயே இருந்தது. கப்பல் ஏறுவது. கடலுக்கு அந்தப் பக்கம் எந்தப் பிரசவக்காரி புருஷன் வந்து கதவைத் தட்டப்போகிறான்? ஐடாவும் கப்பல் ஏறினார். கார்னெல்லில் மருத்துவம் முடித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் உட்கார்ந்துவிட்டார். சி.எம்.சி. ஆஸ்பத்திரி அப்படி முளைத்தது.

இதையே சோதனையாக வைத்தார் கான்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேனியல் பேட்சன், 1981இல். ஒரு பெண் ஷாக் வாங்குவதுபோல் காட்டினார்கள் (ஷாக் பொய்). பார்ப்பவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம், அல்லது அவள் இடத்தில் தான் உட்காரலாம். அவள்மேல் மனம் இளகியவர்களில் பெரும்பாலோர், வாசல் திறந்தே இருந்தும் போகவில்லை. சங்கடம் தீருவதுதான் குறி என்றால் வாசலைத்தானே பார்த்திருப்பார்கள்?

கே: கோயில் மண்டபத்து ஃபேனில் மூன்று றெக்கையிலும் உபயதாரர் பெயர். தர்மமா, விளம்பரமா?
– அண்ணாந்து படித்தவர்

ப: ஃபேன் சுற்றும்போது பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும், அப்போது அடியில் வியர்த்துக்கொண்டிருப்பவர் அதை வாழ்த்தும் மனநிலையில் இருக்க மாட்டார். இவ்வளவு விவரமில்லாமல் யாராவது விளம்பரம் செய்வார்களா? ஐடாவின் முதல் பெரிய ஆஸ்பத்திரிக்கும் உபயதாரர் உண்டு. ஷெல் என்ற அமெரிக்க வங்கிக்காரர் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் அந்த அம்மாள் பெயரிலேயே திறந்தார்கள். பலகையைப் படித்துவிட்டா பிரசவ வலி வரும்?

இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்ததில் வரவு என்று கணக்குப் போடுபவன் அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரி, வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புறநானூற்றில் முடமோசியார் பாடியிருக்கிறார். பாடியவருக்கும் பரிசில் உண்டு என்பதை மட்டும் கொஞ்சம் மறந்துவிட வேண்டும்.

கே: யாருக்காவது கொடுத்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்போது அது எனக்காகக் கொடுத்ததுதானே?
– குற்ற உணர்ச்சியுடன் ஒருவர்

ப: வள்ளுவரே ஈகை அதிகாரத்தில், கொடுத்து மகிழும் இன்பம் சேர்த்து வைப்பவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டவர். அவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் பிடிக்க முடியாது. தாகம் இருப்பவனுக்குத்தான் தண்ணீர் இனிக்கும். எதிராளி நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் முதலிலேயே இல்லாதவனுக்கு, கொடுத்தால் நூறு ரூபாய் போன வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். உங்களுக்குச் சந்தோஷம் வந்தது என்றால் அந்த எண்ணம் முன்னமே உள்ளே இருந்திருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கே: ஓட்டுக்காகத்தான் மலைக்கு ரோடு போடுகிறார்கள். இதில் பொதுநலம் எங்கே?
– பீஞ்சமந்தையிலிருந்து இறங்கி வந்தவர்

ப: எங்கேயும் இருக்க வேண்டாம், ஐயா. ஓட்டுக்குப் போட்ட ரோட்டிலும் ஆம்புலன்ஸ் ஏறும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையை, ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் சுமந்துகொண்டே மலையேறினார். அதற்குப் பிறகு ரோடு போடுகிறவரின் மனசைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ரோடு இல்லாத ஊருக்கு டோலிதான். ஒரு கழி, அதில் கட்டிய போர்வை, உள்ளே நோயாளி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தோள் மாற்றக் கூடவே நாலு பேர். ஏன் தூக்குகிறீர்கள் என்று கேட்டால், "நாளைக்கு நம்ம வூட்ல ஒன்னுன்னா அவங்கதானே வரணும்" என்பார்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் சுயநலம் என்று தாங்களே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பிள்ளைகுட்டி இல்லாத, திரும்பித் தூக்க ஒருத்தரும் இல்லாத கிழவிக்கு முடியாமல் போனாலும், கழி தோளுக்கு வந்துவிடுகிறது.