மனத்தை நிறுக்கும் தராசு

மைசூர் மண்டி மொஹல்லாவில் 1906ஆம் ஆண்டு முதல் ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்துவந்த ஹோல்ட்ஸ்வர்த் ஆஸ்பத்திரியில், 1934 தொட்டுப் பிறந்த சிசுக்களின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைச் சிரத்தையோடு குறித்து வைத்த ஏடுகள், பிற்காலத்து இருதய நோய் ஆராய்ச்சிக்கே ஆதாரமாயின. பக்கத்துக் கட்டிலில் கிடந்த தாயின் மனத்தை நிறுக்கும் தராசை மட்டும் எந்த ஆஸ்பத்திரியும் வாங்கிப் போடவில்லை.

அந்தத் தராசுக்கான முயற்சி வேறிடத்தில் நடந்தது: ஒருவரின் சுதந்திரத்தில் கைவைத்தால் எரிச்சலும் எதிர்ப்பும் மூளும் என்று ஜாக் பிரேம் என்ற அமெரிக்க மனோதத்துவர் 1966இல் ஒரு கிரந்தமே எழுதினார். (நம் மாமியார்களுக்கு இது பரம்பரை ஞானம்.) அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த எரிச்சலுக்கு மதிப்பெண் போடவும் ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

நம் தேசியக் குடும்பநல ஆய்வோ இன்னும் சாத்விகமானது: சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியே போக அனுமதி பெற்ற பெண்கள் நூற்றுக்கு 42 பேர் என்று 2019-21இல் கணக்கிட்டதோடு திருப்தியடைந்தது. அனுமதி உண்டா என்பதே கேள்வி. கோபம் உண்டா என்பதல்ல.

கேட்டிருந்தாலும், கூடத்து ஊஞ்சலில் மாமியாரும் ஈஸிச்சேரில் பர்த்தாவும் வீற்றிருக்கையில், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்றுதான் மருமகள் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே காப்பி டபராவை அவள் மேஜைமேல் வைத்த சப்தத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.