ஹெல்த் ஆபீசரை யார் கேட்பது?

எண்பதுகளில், பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருச் சாக்கடை பொங்கினால் அப்பா நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போவார். அங்கே காலையிலேயே நாலைந்து பேர் காத்திருப்பார்கள். கவுன்சிலர் லுங்கியோடு வெளியே வந்து கேட்டுக்கொண்டு, மாநகராட்சி ஹெல்த் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்புவார். மாலைக்குள் தெருவில் ப்ளீச்சிங் பவுடர் விழும். விழாவிட்டால் அடுத்த தேர்தலில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த இன்ஸ்பெக்டருக்கு மேலே இருக்கும் ஹெல்த் ஆபீசர் பெரும்பாலும் மாநில சுகாதாரத் துறை அனுப்பிவைக்கும் டாக்டர்தான். ஆனால் மாநகராட்சிக் கூட்டத்திலும் நிலைக்குழுவிலும் அவரைக் கேள்வி கேட்க ஆள் இருந்தது. அதுவே எங்களுக்குப் பெரிய பலம்.

அதற்கும் முந்தைய காலத்தில் அந்தப் பலம் இல்லை. 1898 ஆகஸ்டில் பிளேக் ரயிலேறி பெங்களூர் வந்தபோது, மைசூர் சமஸ்தானம் கும்பகோணத்தில் பிறந்த வி.பி. மாதவராவைப் பிளேக் கமிஷனராக நியமித்தது. பின்னாளில் திவானான திறமைசாலி அவர். வீடுவீடாகச் சோதனை போட்டு, நோயாளிகளை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அத்தனைக்கும் அவர் கணக்குச் சொல்லவேண்டியது சமஸ்தான அரசுக்கு மட்டுமே. 1949இல் நகரமும் கண்டோன்மென்டும் ஒரே மாநகராட்சியான பிறகுதான், கண்டோன்மென்ட் பக்கம் இருந்த அல்சூருக்கும் அதில் குரல் கிடைத்தது.

2020 செப்டம்பர் 10ஆம் தேதி மாநகராட்சியின் 198 வார்டு கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்து, அந்தக் குரல் நின்றது. தேர்தல் வரவில்லை, கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பத்திரிப் படுக்கைக்காக, கொரோனா நோயாளிக்குத் தரப்படும் பி.யூ. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நகரமே போனில் காத்துக்கிடந்தது. முன்னாள் கவுன்சிலர்கள் சிலர் ஓடியாடி உதவினார்கள். ஆனால் அதிகாரியைக் கூட்டத்துக்கு அழைத்து விளக்கம் கேட்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஓட்டுரிமை வந்து இத்தனை காலமான பிறகும், ஒரு பெருந்தொற்றை நாங்கள் 1898ஐப் போலவே, மேலிருந்து வந்த உத்தரவை மட்டும் நம்பிக் கடந்தோம்.

2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஐந்திலும் கமிஷனர்கள் பொறுப்பேற்றார்கள். அன்று ஒன்றில்கூடக் கவுன்சிலர் இல்லை.

நல்ல டாக்டரைத் தேர்ந்து அனுப்புவது அரசின் வேலையாகவே இருக்கட்டும். அவர் நாளைக்கு மாற்றலாகிப் போகலாம். எங்கள் தெரு இங்கேதான் இருக்கும். எந்தத் தெருவில் டெங்கு, அங்கே ஏன் மருந்து அடிக்கவில்லை என்று மாதந்தோறும் அவரை உட்காரவைத்துக் கேட்க, எங்கள் ஓட்டு வாங்கிய ஒருவர் வேண்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நாம் முதலில் வாங்கவேண்டிய வாக்குறுதி அதுதான்.