அகராதியைத் திறந்தால் ஆட்டம் கலையுமா?

கேள்வி: கிரிப்டிக் குறுக்கெழுத்துக்கு அகராதி பார்ப்பது, பரீட்சையில் பிட் அடிப்பது மாதிரிதானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பிட்டில் விடை இருக்கும். அகராதியில் எல்லாச் சொல்லும் இருக்கும். எது விடை என்று அது வாயே திறக்காது. லண்டன் 'அப்சர்வர்' இதழில் 1972-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கடினமான புதிர்களைப் போட்டவர் அஸெட். சேம்பர்ஸ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி புதிரோடு அவரே பரிந்துரைத்தார். பரீட்சை வைப்பவரே புத்தகத்தைத் திறக்கச் சொன்ன பிறகு பிட் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அகராதியை எப்போது எடுக்கலாம்?
– வங்கி ஊழியர், கோவை

பதில்: குறிப்பைப் பிரித்த பிறகு. கிரிப்டிக் குறிப்பில் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். மறுமுனையில் எழுத்துகளை வைத்து ஒரு விளையாட்டு. எது எங்கே முடிகிறது என்று காட்டாமல் ஒட்டிவிடுவதுதான் புதிர் ஆசிரியரின் வேலை.

'கடம், நா – கலந்து மேடையேறும் (4)'. க, ட, ம், நா என்ற நான்கு எழுத்தையும் கலையுங்கள்: நாடகம். 'கவலையின் தலை போனது, மீனவர் வீசுவது (2)'. முதல் எழுத்தை வெட்டினால் வலை. இரண்டுக்கும் அகராதி தேவையில்லை.

இப்போது இது: 'கண்ணனின் காதலி திரும்பினால் நீந்தும் (2)'. ராதாவைத் திருப்பினால் தாரா. அப்படி ஒரு சொல் உண்டா, அது நீந்துமா? இங்கேதான் அகராதியை எடுக்க வேண்டும். தாரா என்றால் வாத்து. யாழ்ப்பாணத்தார் அகராதியே இல்லாமல் சிரித்துக்கொண்டே எழுதிவிடுவார்கள். சென்னைக்காரர் புரட்டித்தான் ஆக வேண்டும். கவனியுங்கள், விடையைக் கண்டுபிடித்தது நீங்கள். அகராதி சாட்சி சொல்ல வந்தது, அவ்வளவே.

கேள்வி: 'குதிரைக்குப் பின்னே தவி, கோவலனை மயக்கியவள் (3)'. மாதவி என்று ஊகித்துவிட்டேன். ஆனால் குதிரை எங்கே?
– இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: 'மா'வில் இருக்கிறது. நீங்கள் மாவு, மாமரம் இரண்டோடு நின்றிருப்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் 'மா'வைத் திறந்து பாருங்கள்: விலங்கு, குதிரை, யானை, வண்டு, திருமகள், கறுப்பு, அழகு, ஒரு நில அளவு, இருபதில் ஒரு பங்கு. ஒரே எழுத்துக்குள் இத்தனை! நன்னூல் இப்படிப்பட்ட ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்குச் சொல்கிறது. பசுவுக்கு ஆ, அரசனுக்குக் கோ, அம்புக்கு ஏ, சோலைக்குக் கா. புதிர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அந்த 42-ஐயும் பொருளோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குறிப்புகள் தாமாகவே பிரியும்.

ஊகித்ததோடு நிற்காமல் குதிரையைத் தேடினீர்களே, அதற்காக உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

கேள்வி: இன்று யாருமே பேசாத சொல்லை விடையாக வைப்பது அநியாயமில்லையா?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பதில்: எழுத்து விளையாட்டு நேர்மையாக இருந்தால் அநியாயமில்லை. தெரியாத சொல்லையும் துண்டு துண்டாகக் கட்டி முடிக்க வழி வைத்திருக்க வேண்டும். கட்டியதை அகராதி உறுதிசெய்ய வேண்டும். சொல்லும் அரிது, குறிப்பும் மழுப்பல் என்றால் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த நேர்மையை வலியுறுத்தி 1966-இல் புத்தகமே எழுதினார் ஸிமெனிஸ் என்ற புனைபெயர்க்காரர். பொருள் ஒன்று, விளையாட்டு ஒன்று, அதற்கு மேல் வெற்றுச் சொல் எதுவும் கூடாது என்பது அவர் வழி வந்தவர்களின் கட்சி. என் கட்சியும் அதுவே.

கேள்வி: எந்த அகராதி வாங்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: இன்றைய வழக்குக்கு க்ரியா. பழைய சொல்லுக்கு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த லெக்சிகன். ஆனால் குறுக்கெழுத்துக்காரர் கொண்டாட வேண்டியது வீரமாமுனிவரின் சதுரகராதி. 1732-இல் தொகுத்தது. நான்கு பகுதி. 'பெயர்' பகுதியில் ஒரு சொல்லின் பல பொருள்கள். 'பொருள்' பகுதியில் ஒரு பொருளுக்கான பல சொற்கள். குறிப்பில் 'யானை' என்று இருந்தால் நேரே அங்கே போகலாம். 'தொகை' பகுதியில் மூன்று, ஐந்து, எட்டு என்று கூட்டமாக வழங்குபவை. கடைசியாகத் 'தொடை'. அதில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து, அடுக்கப்பட்டிருக்கும். செய்யுள் எழுதுவோருக்காகச் செய்தது. கட்டத்தில் இரண்டாம் எழுத்து மட்டும் விழுந்து, முதல் எழுத்து தெரியாமல் தவிக்கிறோமே, அந்த நேரத்துக்கு இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் எப்போதோ வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்!

கேள்வி: மொபைலில் தேடினால் நொடியில் கிடைக்குமே?
– மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: பொருளைச் சரிபார்க்கத் தேடுங்கள், லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகமே இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டத்தில் விழுந்த எழுத்துகளைக் கொடுத்துப் பொருந்தும் சொற்களையெல்லாம் பட்டியல் கேட்காதீர்கள். விடை கிடைக்கும், குறிப்பு வீணாகும். ஒருவர் உங்களுக்காக உட்கார்ந்து செதுக்கிய வாக்கியம் அது.

கேள்வி: ஆங்கிலப் புதிர் கடினமா, தமிழ்ப் புதிரா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: எழுத்தைக் கலைப்பது ஆங்கிலத்தில் எளிது, 26 துண்டுகளை எப்படியும் அடுக்கலாம். தமிழில் உயிர்மெய் ஒரே கட்டத்தில் உட்காருவதால் கலைத்து அடுக்கும் ஆசிரியருக்குத் திண்டாட்டம். அவிழ்ப்பவருக்கோ லாபம்: குறுக்கே விழும் ஒரு எழுத்து, 247-இல் ஒன்று என்பதால், நிறையச் சொல்லிவிடும். இலக்கணமும் கைகொடுக்கும். ஒரு கட்டத்தில் 'ங்' விழுந்தால் அடுத்தது அநேகமாகக் ககர வரிசை. 'ற்' விழுந்தால் க, ச, ப, ற வரிசைகளைத் தாண்டி யோசிக்க வேண்டாம். பள்ளியில் நம்மை அழவைத்த மெய்ம்மயக்கம் இங்கே இலவசமாக எழுத்துக் கொடுக்கிறது.

கேள்வி: புதிர் ஆசிரியர்கள் கொடுமைக்காரர்களா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: பெயரைப் பார்த்தால் அப்படித்தான். 'அப்சர்வர்' இதழில் 1926-இல் தொடங்கியவர் டார்க்கமாடா, 1939-இல் அவர் இடத்துக்கு வந்தவர் ஸிமெனிஸ். இரண்டும் ஸ்பெயின் மத விசாரணைத் தலைவர்களின் பெயர்கள். அஸெட் என்பதும் அப்படியே: டெஸா என்ற இன்னொரு தலைவரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டது.

கேள்வி: இதனால் நாட்டுக்கு ஏதாவது பயன்?
– வாசகர், சேலம்

பதில்: 1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராஃப்' தன் அலுவலகத்தில் ஒரு போட்டி வைத்தது: குறுக்கெழுத்தை 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கலந்துகொண்டவர்களில் சிலர், ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்த பிளெச்லி பார்க்குக்குப் பின்னர் அழைக்கப்பட்டார்கள். அது போர்க்காலம். நமக்கு ஒரு நல்ல காலைப்பொழுது கிடைத்தால் போதும்.

கேள்வி: எங்களுக்கு ஒரு குறிப்பு கொடுங்கள், அகராதி பார்த்தே தீர வேண்டும்!
– நண்பர் குழு, புதுச்சேரி

பதில்: 'குதிரைக்குப் பின்னே கொள்ளு, இலங்கையில் ஒன்பது (4)'. குதிரையை மேலே பிடித்துவிட்டோம். நீங்கள் தேட வேண்டியது கொள்ளுக்கு இன்னொரு பெயர்.