78 சீட்டு, ஒரு நெல்மணி: டாரட் பழக எளிய வழி

டாரட் சீட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ள முடிவெடுத்திருக்கும் சேலம், நாமக்கல் வட்டார அன்பர்களுக்கு வாழ்த்து. லாரி வாங்கக் கடன் வேண்டும். கோழிப்பண்ணை போட நிலம் வேண்டும். போர்வெல் போடும் ரிக் வண்டி விடக் கடனும் வேண்டும், நெஞ்சுரமும் வேண்டும். இந்தத் தொழிலுக்கு ஒரு சீட்டுக்கட்டு போதும். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

படி 1: வரலாற்றைத் தயங்காமல் சொல்லுங்கள்

டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வசதி படைத்தவர்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம். நம் ரம்மிக்குப் பங்காளி முறை. 1781-இல் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர், இது பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதிவிட்டார். எகிப்திய எழுத்தை எப்படிப் படிப்பது என்று ஷாம்போலியோன் கண்டுபிடித்தது 1822-இல். இடையில் இருந்த 41 ஆண்டும் ஜெபலனை மறுக்க உலகில் ஆள் இல்லை. சரிபார்க்க முடியாததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். இது பிடிபட்டவர் பாதித் தொழிலைக் கற்றவர்.

படி 2: படங்களை நம் ஊருக்குக் குடி மாற்றுங்கள்

கட்டில் 78 சீட்டு. பெரியவை 22, சின்னவை 56. இன்று பரவலாகப் புழங்குவது 1909-இல் லண்டனில் வெளியான கட்டு. படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அம்மையார் நம் ஊர்க் கோயில்களை மனதில் வைத்து வரையாததால் சில சிக்கல்கள் உண்டு. கோபுரச் சீட்டில் இடி விழுகிறது, ஆட்கள் தலைகீழாக விழுகிறார்கள், புத்தகப்படி சர்வநாசம். நம்மவரோ கோபுரம் என்றதுமே கன்னத்தில் போட்டுக்கொள்வார். மரணச் சீட்டில் எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரையில் வரும். "குதிரை மேல இருக்கறது நம்ம முனியப்பனுங்களா?" என்று கேட்பார். "ஆமாங்க" என்று சொல்லிவிடுங்கள். வீணாக வயிற்றில் புளியைக் கரைத்தால் தட்டில் காசு விழாது.

படி 3: சீட்டைப் படிக்குமுன் காலண்டரைப் படியுங்கள்

78 சீட்டின் பலன்களை மனப்பாடம் செய்வதைவிட 12 தமிழ் மாதங்களை ஒழுங்காகத் தெரிந்து வைத்திருப்பது மேல். புரட்டாசியில் பாதிப் பேர் கவிச்சியைத் தொட மாட்டார்கள், முட்டை தேங்கும். அந்த மாதம் முகம் வாடி வரும் பண்ணைக்காரரிடம், "ஐப்பசி பிறந்தா விடிவு வருதுங்க" என்று அடித்துச் சொல்லுங்கள். முட்டைக்கு என்.இ.சி.சி. என்ற அமைப்பு அறிவிக்கும் விலையில் 5 காசு ஏறினாலும் பெயர் உங்களுக்குத்தான்.

ஆடியில் கல்யாணப் பேச்சு நடக்காது. ஆகவே பெண்ணைப் பெற்றவருக்கு ஆவணியில் நல்ல சேதி. குச்சிக்கிழங்குக்காரர் அறுவடை நேரத்தில் வந்தால் விலைக் கவலை, மற்ற நேரத்தில் வந்தால் தண்ணீர்க் கவலை. மே மாதத்தில் தம்பதியாக வந்தால் எதுவும் கேட்க வேண்டாம்; "புள்ள படிப்பு விசயமா வந்திருக்கீங்க" என்று நீங்களே தொடங்கலாம். விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இதற்கு ஞானதிருஷ்டி தேவையில்லை.

படி 4: ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடுங்கள்

1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 39 மாணவர்களுக்கு, "இது உங்களுக்கென்றே எழுதியது" என்று ஆளுக்கொரு குணநலக் குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள்.

கொங்குப் பதிப்பு இதைவிடச் சுருக்கம்: "நீங்க எல்லாருக்கும் செய்வீங்க, உங்களுக்குச் செய்யத்தான் ஆளில்லீங்க." இல்லை என்று தலையாட்டும் ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அப்புறம் பேசாமல் இருங்கள். மச்சினன் வாங்கிய கடன், பங்காளியின் வரப்புத் தகராறு என்று எல்லாம் தானாக வரும். கால் மணி நேரம் கழித்து அவர் சொன்னதையே "சீட்டு சொல்லுதுங்க" என்று திருப்பிக் கொடுங்கள். வீட்டில் ஒருவராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் அவர் உங்களிடம் வந்திருக்கவே மாட்டார். நீங்கள் விற்பது அந்தக் காதைத்தான். சீட்டு மேலே சுற்றிய தாள்.

படி 5: பலிக்காவிட்டால் கலங்க வேண்டாம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வருமுன், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடந்து நீரோட்டம் பார்க்கும் பெரியவரைக் கவனித்திருப்பீர்கள். தேங்காய் நிமிர்ந்த இடமே பாயிண்ட். 800 அடி போயும் புழுதி மட்டுமே பறந்தால் அவர் பதறுவதில்லை. "பாயிண்ட் சரிதானுங்க. வண்டிய ஒரு அடி தள்ளி நிறுத்திப்போட்டீங்க." அவரிடம் ஒரு மாதம் எடுபிடியாக இருந்துவிட்டு வாருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் வித்தையில் சேர்த்தி. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற ஜோசியக் கிளி, 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் காலிறுதி நான்கையும் சரியாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. அதோடு கூண்டுக்குள் போயிருக்கலாம். இறுதிப் போட்டியில் நெதர்லாந்து என்றது. ஸ்பெயின் 1-0 என்று ஜெயித்தது. ஸ்பெயின் என்று சொன்ன ஜெர்மனி ஆக்டோபஸ் பெயரைத் தட்டிக்கொண்டு போனது.

படி 6: அரசியல் பக்கம் போகாதீர்கள்

2024 ஏப்ரலில் கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று ஒரு கிளி சீட்டு எடுத்தது. காணொளி பரவியதும் வனத்துறை வந்து கிளி ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். வேட்பாளரும் தோற்றார். வனத்துறை ஜீப் வரும் என்று எந்தச் சீட்டிலும் வரவில்லை.

படி 7: கட்டணம்

இங்கேதான் டாரட்டின் மகிமை. கிளி ஜோசியருக்குக் கூண்டுச் செலவு, பழச் செலவு, சட்டத்துக்குப் பயப்படும் செலவு. ஒவ்வொரு சீட்டுக்கும் கிளிக்கு நெல் கொடுத்தாக வேண்டும். டாரட்டில் கட்டைக் கலைத்து விரித்தால் வந்தவரே தன் கையால் சீட்டை எடுத்துக் கொடுக்கிறார். கிளியின் வேலை முழுவதையும் பார்த்துவிட்டு, நெல் கேட்காமல், காசையும் அவரே வைத்துவிட்டுப் போகிறார். இறக்கையை வெட்டவும் தேவையில்லை. அடுத்த மாதம் அவராகவே திரும்பி வருவார்.