எக்ஸெல் தலைவி, டாலி தலைவன்: மட்டாஞ்சேரி மிளகுக் கடைகளின் இணைப்புப் பழுது பற்றி ஓர் அகத்திணை ஆய்வு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகுக் கடையில் கணக்கு இருப்பது டாலியில். முதலாளி கேட்பது எக்ஸெல்லில். எந்தக் குடோனில் எத்தனை மூட்டை எம்ஜி1 ரக மிளகு கிடக்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் டாலியிலிருந்து எக்ஸெல் தானே எடுத்துக்கொள்ள ஓடிபிசி என்றொரு ஏற்பாடு உண்டு. அது மாதக் கடைசியில் மட்டும் படுத்துக்கொள்வது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் முன்னோடி ஆவணங்கள். இத்துறையின் மிகப் பழைய தாள் வியன்னாவில் இருக்கிறது. முசிறியிலிருந்து ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் எகிப்துக்குப் போன சரக்கின் கணக்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ், கிரேக்க மொழி. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் சரக்கின் மதிப்பு. 60 பெட்டி கங்கைச் சடாமாஞ்சியும் அதில் அடக்கம். பெரும்பகுதி கிழிந்துபோயும் இன்றுவரை படிக்க முடிகிறது. 'டேட்டா சோர்ஸ் கிடைக்கவில்லை' என்று அது யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. பிற்காலத்தில், 1957இல், இங்கே மிளகு வணிகச் சங்கம் முன்பேர வியாபாரத்தைத் தொடங்கியபோதும் விலை கூச்சலாகவே போய்ச் சேர்ந்தது. தொண்டை கட்டுவதுதான் அன்றைய அதிகபட்சப் பழுது. மைக்ரோசாஃப்ட் 1992இல் ஓடிபிசியை வெளியிட்ட பிறகுதான் நம் துறைக்கு வாழ்வு வந்தது.

பழுது நீக்குவோரில் இன்று இரண்டு பள்ளிகள் உள்ளன: ரீஸ்டார்ட் கொள்கையினர், அன்இன்ஸ்டால் கொள்கையினர். முன்னவர் ஏழைகள், பின்னவர் பில் போடுபவர்கள். இருவருமே தொல்காப்பியம் படிக்காதவர்கள் என்பதால் இருவரையும் மறுக்கிறோம். தொல்காப்பியர் திணை ஏழு என்றார். பழுதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். பதில் வராமலே பேசிக்கொண்டிருப்பதை அதன் இலக்கணமாகத் தொல்காப்பியர் சொல்கிறார். எக்ஸெல் கூப்பிடுகிறது, டாலியோ திறக்கப்படவே இல்லை. மற்ற டேட்டாபேஸ் போலப் பின்னணியில் விழித்துக் கிடக்கும் ஆசாமியல்ல டாலி. திரையில் திறந்திருக்க வேண்டும், உரிய கம்பெனியும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கள ஆய்வில் பதிவான உரையாடல் இது:

"சேட்டா, டாலி திறந்திருக்கா?"

"அது அப்பவே அடைச்சாச்சு. சும்மா எதுக்குத் திறந்து வைக்கணும்?"

இந்தப் பதிலுக்குப் பின் செய்ய வேண்டிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. ஆனாலும் இதே பழுதுக்காக விண்டோஸையே மாற்றிப் போட்டவர்கள் உண்டு.

பெருந்திணை பொருந்தாக் காமம்; இளமை தீர்ந்த நிலையும் அதில் சேர்த்தி. இங்கே எக்ஸெல்லுக்கு 32 பிட், டாலியின் ஓடிபிசி டிரைவருக்கு 64. இந்த ஜோடி எந்தச் சோதிடர் வந்தாலும் சேராது. ஐஎம்014 என்ற எண்ணோடு 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்று திரையே ஜாதகத்தைப் படித்துவிடும். இவ்விடத்தில் விண்டோஸ் செய்திருக்கும் வேலையை உரையாசிரியர்கள் கவனிக்க வேண்டும். 64 பிட் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இருப்பது சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில். 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். போதாக்குறைக்கு இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர்: ஓடிபிசிஏடி32. பழைய புரோகிராம்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காகப் பெயர்களை மாற்றாமல் விட்டார்கள் என்பது காரணம். காரணம் நியாயமானது, விளைவு அநியாயமானது. எக்ஸெல்லின் வயதை அறிய ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்ஸெல் என்று போனால் முதல் வரியின் முடிவில் 32 பிட்டா 64 பிட்டா என்று போட்டிருக்கும். அதற்குப் பொருந்தும் டிரைவரைத்தான் தேட வேண்டும்.

மருதத்துக்கு உரியது ஊடல், காரணம் பரத்தை. டாலி வழக்கமாக உட்காருவது 9000 என்ற போர்ட்டில். எக்ஸெல்லில் தெரியும் டாலி இணைப்பின் (டிஎஸ்என்) பெயர் வாலிலேயே அந்த எண் தொங்கும். அந்த இடத்தில் வேறொரு புரோகிராம் வந்து உட்கார்ந்துவிட்டால் தலைவன் வீட்டில் இருந்தும் இல்லாதவன். நெட்ஸ்டாட் கட்டளை கொடுத்தால் உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துவிடும். தோழி செய்யும் வேலை இது. டாலியின் கனெக்டிவிட்டி பகுதியில் ஓடிபிசி 'யெஸ்' ஆக இருக்கிறதா என்பதையும் அவளே பார்த்துவிடலாம்.

முல்லையும் பாலையும் நெட்வொர்க் கேபிள் சம்பந்தப்பட்டவை. எலி கடித்துப் பிரிந்தது பாலை, காத்திருக்கச் சொல்லிச் சுற்றிக்கொண்டே இருப்பது முல்லை. குறிஞ்சி, அதாவது கூடல், ஆய்வுக்கு உரியதல்ல. இணைப்பு சரியாக இருக்கும்போது யாரும் எங்களைக் கூப்பிடுவதில்லை. மிச்சமிருப்பது நெய்தல். கடைக்குப் பின்னால் காயல் இருப்பதால் இரங்கல் இந்நிலத்துக்கே உரியது. அதை முதலாளிகளிடம் விட்டுவிடுகிறோம்.

பழுதுகளில் பெரும்பான்மை கைக்கிளையே என்பது எம் துணிபு. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளைக் கூப்பிடுவதற்கு முன் டாலி உள்ள மெஷினிலேயே பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட், ஒரு முக்காற்புள்ளி, 9000 என்று அடித்துப் பாருங்கள். டாலி சர்வர் ஓடுகிறது என்று ஒரு வரி வந்தால் எக்ஸெல் பக்கம் தேடுங்கள். வராவிட்டால் டாலியைத் திறங்கள்.