ஐயோ பாவம், துப்பாக்கிக்காரர்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி விற்பவர்களுக்கு இது கஷ்ட காலம். இளகிய மனசுள்ளவர்கள் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடலாம். 1852-இல் தொடங்கிய ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி 2021 நிதியாண்டில் 100 கோடி டாலருக்கு மேல் விற்றது. 2025 நிதியாண்டில் அதில் பாதிகூடத் தேறவில்லை. என்ன ஆயிற்று? திருடர்கள் திருந்திவிட்டார்களா, ஊர் அடங்கிவிட்டதா? பெருந்தொற்றுக் காலத்துப் பரபரப்பு தணிந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் வேடிக்கை: துப்பாக்கிக்காரர்களின் உற்ற நண்பர் வெள்ளை மாளிகைக்குத் திரும்பிவிட்டார். நண்பர் வந்தால் வியாபாரம் படுத்துவிடும். முதல் தடவை அவர் வந்தபோதே 'டிரம்ப் மந்தம்' என்று இதற்குப் பேரும் வைத்தாகிவிட்டது.

புரியாதவர்களுக்கு: இந்தக் கடையில் விற்பது இரும்பு அல்ல, பயம். நாளைக்கு வாங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் இருந்தால்தான் இன்றைக்குக் கல்லா நிறையும். அந்தப் பயத்தைக் கிளப்ப ஒரு பூச்சாண்டி வேண்டும். அப்படி வாய்த்த பூச்சாண்டிகளில் தலைசிறந்தவர் பராக் ஒபாமா. எட்டு வருடம் ஆண்டார். யார் வீட்டுத் துப்பாக்கியையும் பிடுங்கவில்லை. சொல்லப்போனால், தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கியோடு போகலாம் என்று வழிவிட்ட சட்டத்தில் 2009-இல் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அதனால் என்ன? 'பிடுங்கப் போகிறார், பிடுங்கப் போகிறார்' என்று கூவியே எட்டு வருடம் விற்றுத் தீர்த்தார்கள். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் வந்துவிடுவார் என்று நம்பிக் கிடங்கு நிறையச் சரக்கை அடுக்கி வைத்தார்கள். வந்தவர் நண்பர். ரெமிங்டன் கம்பெனி 1816-இல் பிறந்தது. உள்நாட்டுப் போரையும் இரண்டு உலகப் போர்களையும் தாண்டி வந்தது. கழுத்தளவு கடனோடு ஒரு நண்பரின் ஆட்சியைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை. 2018 மார்ச்சில் திவால் மனு போட்டது.

முன்பெல்லாம் இந்தத் தொழிலை வாழவைத்தவன் வேட்டைக்காரன். 1999-இல் ஏபிசி நியூஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் சேர்ந்து துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் எதற்காக என்று கேட்டபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேட்டைக்கு என்றார்கள். பாதுகாப்புக்கு என்றவர்கள் 26 சதவீதம். 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்றவர்கள் 72 சதவீதம். வேட்டைக்காரனைப் போல உதவாக்கரை வாடிக்கையாளர் கிடையாது. ஒரு துப்பாக்கி வாங்குவான். எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பான். வருடத்தில் சில வாரம் மானைத் தேடிப் போவான். சாகும்போது அதே துப்பாக்கியைப் பேரனிடம் கொடுத்துவிட்டுப் போவான். மூன்று தலைமுறைக்கு ஒரே ஒரு பில்! இவனை வைத்துக்கொண்டு பங்குதாரருக்கு எப்படி லாபம் காட்டுவது?

ஆகவே ஆளை மாற்றினார்கள். பயந்தவனுக்குப் பருவம் கிடையாது; பன்னிரண்டு மாதமும் அவனுக்குச் சீசன்தான். ஒன்று போதாது, படுக்கையறைக்கு ஒன்று, காருக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. 2017 கணக்கிலேயே அந்த நாட்டில் மக்கள் 33 கோடிக்குள். அவர்கள் கையில் துப்பாக்கி 39 கோடி. ஆளுக்கு ஒன்று கொடுத்தும் மிச்சம்.

ஆணுக்கு ஒரு தூண்டில் தனியாக. தானியங்கி ராணுவத் துப்பாக்கியின் தம்பியான ஏஆர்-15 ரகத்தை விற்க புஷ்மாஸ்டர் கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது. இதை வாங்கு, உன் ஆண்பிள்ளை அட்டை புதுப்பிக்கப்படும் என்பது அதன் சாரம். ஆண்மை என்பது ரேஷன் கார்டு மாதிரி காலாவதியாகும் சமாசாரம் என்று அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தக் கம்பெனியின் துப்பாக்கியோடுதான் 2012 டிசம்பர் 14 அன்று இருபது வயதுப் பையன் ஒருவன் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் இருக்கும் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தான். ஆறேழு வயதுப் பிள்ளைகள் 20 பேர். பள்ளியில் வேலை பார்த்த பெண்கள் 6 பேர்.

அந்த மாதம் துப்பாக்கி விற்பனைக்காக எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. அதுவரை எந்த மாதமும் காணாத எண்ணிக்கை. இனித் தடை வந்துவிடும் என்று ஓடி ஓடி வாங்கினார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இங்கே வீடு எரிந்தால்தான் லாபமே. தடையா? நாடு முழுவதற்குமான தடை வரவேயில்லை. துப்பாக்கித் தொழிலின் வணிகச் சங்கத் தலைமையகம் அப்போது அதே நியூடவுனில்தான் இருந்தது. பள்ளிக்கும் அதற்கும் சில மைல்.

பெண்களை மறந்தார்கள் என்று குறை சொல்ல முடியாது. ஸ்மித் அண்ட் வெஸன் 1989-லேயே 'லேடிஸ்மித்' என்று பெண்களுக்குத் தனி ரகம் கொண்டுவந்தது. பிறகு ரோஸ் கலர் துப்பாக்கி, ரகசிய அறை வைத்த கைப்பை, உள்ளாடையில் மாட்டும் உறை. 2020-இல் பெருந்தொற்று வந்ததும் சொல்லவே வேண்டாம். கழிப்பறைக் காகிதத்துக்கு ஒரு வரிசை, தோட்டாவுக்கு ஒரு வரிசை. ஊரடங்கில் துப்பாக்கிக் கடையும் அத்தியாவசியம் என்று மத்திய அரசின் வழிகாட்டுப் பட்டியலிலேயே சேர்த்தார்கள். அந்த வருடம் பின்னணிச் சோதனைகள் கிட்டத்தட்ட 4 கோடி. முதல் தடவையாக வாங்கியவர்கள் பல லட்சம்: கறுப்பர்கள், ஆசியர்கள், தனியாக வாழும் பெண்கள். போலீஸுக்குப் பயந்தவர், போராட்டக்காரருக்குப் பயந்தவர், அண்டை வீட்டாருக்குப் பயந்தவர், அந்த அண்டை வீட்டார், எல்லாருக்கும் ஒரே கவுண்டரில் பில். சமத்துவம் என்றால் இதுவல்லவா!

மிச்சமிருந்தது குழந்தைகள். 2022 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் அந்தக் குறையும் தீர்ந்தது. ஜேஆர்-15 என்று ஒரு துப்பாக்கி; பார்வைக்கும் பிடிக்கும் அப்பா அம்மாவின் துப்பாக்கி போலவே இருக்கும், எடை மட்டும் பிஞ்சுக் கைக்குத் தக்கபடி. அதன் சின்னம் மண்டையோடு. ரெட்டைச் சடை போட்ட மண்டையோடு, வாயில் சூப்பான். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், இந்தப் படத்தைப் பார்த்து 'பிரமாதம், அச்சுக்கு அனுப்பு' என்று சொல்லியிருக்கிறார்கள். அதே வருடம் மே 16 அன்று டேனியல் டிஃபென்ஸ் கம்பெனி ட்விட்டரில் ஒரு படம் போட்டது: சம்மணமிட்ட சின்னக் குழந்தை, மடியில் நீளத் துப்பாக்கி, பிள்ளையை நல்வழியில் பழக்கச் சொல்லும் பைபிள் வசனம். எட்டாம் நாள் டெக்சஸ் மாநிலத்து யுவால்டி ஊரில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் அந்தக் கம்பெனியின் துப்பாக்கிக்குப் பலி. சுட்டவன் அதைச் சட்டப்படிதான் வாங்கினான். அந்த மாதம்தான் அவனுக்கு 18 நிறைந்திருந்தது. பீர் வாங்க அவன் இன்னும் மூன்று வருடம் காத்திருந்திருக்க வேண்டும்.

கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால் நல்லவன் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்பது இந்த வியாபாரத்தின் மூல மந்திரம். யுவால்டியில் நல்லவர்கள் வந்தார்கள். 376 பேர், துப்பாக்கியோடு. 77 நிமிடம் நின்றார்கள். உள்ளேயிருந்து பிள்ளைகள் போலீஸுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மந்திரம் பலிக்காத வெட்கத்தில் கடையை மூடினார்களா? நல்லவர்களுக்கு இன்னும் பெரிய துப்பாக்கி வேண்டும் போல என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

கரடிப் பொம்மையின் கண் கழன்று குழந்தை விழுங்கிவிடுமோ என்று பார்க்க அந்த நாட்டில் ஓர் ஆணையம் உண்டு. துப்பாக்கிப் பக்கம் அது தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது சட்டம். இங்கிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டிகளுக்கு, பள்ளியில் எந்த மூலையில் சத்தமில்லாமல் பதுங்க வேண்டும் என்று பிள்ளையே பாடம் எடுக்கிறது. குண்டு துளைக்காத புத்தகப் பையும் கடையில் கிடைக்கிறது. குண்டும் விற்கலாம், குண்டுக்குப் பையும் விற்கலாம். 2020 முதல் அமெரிக்கப் பிள்ளைகளையும் பதின்வயதினரையும் அதிகம் கொல்வது காரும் அல்ல, புற்றுநோயும் அல்ல. துப்பாக்கிதான். துப்பாக்கியால் சாகும் மொத்தப் பேரில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள். பாதுகாப்புக்கென்று பில் போட்டு வாங்கிய பொருள். நல்ல வேளை, இவர்கள் யாரும் பொருள் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வருவதில்லை.

வழக்குப் போடலாமே என்பீர்கள். தங்கள் சரக்கை வைத்து எவனோ செய்த குற்றத்துக்குப் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏறவேண்டாம் என்று 2005-இலேயே காங்கிரஸ் இவர்களுக்குக் கவசச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டது. சாண்டி ஹூக்கில் உயிரிழந்தவர்களின் குடும்பத்தார் சிலர் விளம்பரத்தைப் பிடித்து, அந்தக் கவசத்தில் ஓட்டை கண்டு, 2022-இல் 7.3 கோடி டாலர் வாங்கினார்கள். கொடுத்தவை காப்பீட்டுக் கம்பெனிகள். புஷ்மாஸ்டரின் தாய்க் கம்பெனியான ரெமிங்டன் அதற்குள் இரண்டாம் முறையும் திவாலாகி ஏலம் போயிருந்தது.

நண்பர் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சருக்கு 1934 முதல் 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். சுடுகிறவரின் காது பாவம் அல்லவா!

இத்தனைக்கும் நடுவே ஒருவர் மட்டும் மந்தத்திலிருந்து தப்பிவிட்டார். புஷ்மாஸ்டரையும் ரெமிங்டனையும் வாங்கி ஒரே கொட்டடியில் கட்டியது செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம். அதில் கலிபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணமும் இருந்தது. ஆசிரியைகளைக் கொன்ற துப்பாக்கியின் லாபத்தில் ஆசிரியைகளுக்கு ஓய்வூதியம். சாண்டி ஹூக் நடந்து நாலே நாளில் அந்தத் தொழிலை விற்றுவிடுகிறோம் என்று செர்பரஸ் அறிவித்தது. வருடக்கணக்கில் விற்கவில்லை. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீபன் ஃபைன்பெர்க், 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சரானார். வருடத்துக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கும் துறை அது. யார் ஆண்டாலும் அங்கே கொள்முதல் படுப்பதில்லை.