கல் தட்டும் அண்ணன்

கல்லைக் கண்டால் நம் அண்ணனால் தட்டாமல் இருக்க முடியாது. நடுவிரலை மடக்கி மூட்டால் மூன்று தட்டு. கண்ணை மூடி ஒரு மௌனம். பிறகு தீர்ப்பு: "சோழர் காலம். சந்தேகமே வேணாம்." தர்பூசணி வாங்குகிறவர் தட்டிப் பார்த்து எடுத்தாலும் வீட்டுக்கு வந்து அறுத்தால் சிலது வெளுத்திருக்கும். அண்ணன் தட்டிய கல்லில் அந்தப் பேச்சே கிடையாது. எல்லாம் சோழர்தான். பல்லவர் ஒரே ஒருமுறை வந்தார்கள். அது பெரிய கதை, பிறகு வருகிறேன்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். கிள்ளானிலோ ரவாங்கிலோ வீடு, பணி ஓய்வு, நள்ளிரவு தாண்டியும் புலனத்தில் கீழடிக் காணொளி. அவரோடு கோலசிலாங்கூர் ஆற்றோரச் சாலேயில் தங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். "காட்டுக்குள்ள ரெண்டு நாள் இருந்தா மனசுக்கு நல்லதுப்பா" என்று அழைத்துப் போவது அவர்தான். காட்டைப் பார்க்காதவரும் அவர்தான்.

புக்கிட் மலாவத்தி மேலேறியதும் வேலை தொடங்கிவிடும். சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை அது. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் மாற்றினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் திரும்ப எடுத்துக்கொண்டார். பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்து நிற்கின்றன. தகவல் பலகை இதையெல்லாம் தெளிவாகவே சொல்கிறது. அண்ணன் பலகையைப் படிக்கமாட்டார். பலகை நட்டிருக்கும் கல்லைத் தட்டுவார்.

"டச்சுக்காரன் வந்தான், பேரை மாத்தினான், போனான். சுல்தான் மேல கட்டுனாரு. சரி, அடித்தளம் யாரோடது?"

இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லக்கூடாது. பதில் அவரிடம் இருக்கிறது.

கோட்டைச் சுவரைத் தட்டினார். சோழர். துரோகிகளைத் தண்டிக்க வைத்திருந்ததாகச் சொல்லப்படும் நச்சுக் கிணற்றின் விளிம்பைத் தட்டினார். சோழர், ஆனால் பிற்காலம். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தையும் விடவில்லை. தட்டிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "சத்தம் புதுசாத்தான் இருக்கு. ஆனா இந்த இடத்துல விளக்கு வைக்கணும்னு யாருக்குத் தோணியிருக்கும்?" மரத்திலிருந்து இறங்கி வந்த லோத்தோங் குரங்கு ஒன்று, வயிற்றில் தொங்கும் ஆரஞ்சு நிறக் குட்டியோடு, அவர் கையிலிருந்த பயற்றங்காயைப் பிடுங்கிக்கொண்டு போனது. பதில் சொல்லாமல் தப்பித்தது அது ஒன்றுதான்.

சாலேக்குத் திரும்பினோம். நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஒரு செயற்கை அருவி. கம்பி வலைமேல் சிமெண்டு பூசிச் செய்த பாறை. அண்ணன் தட்டினார். உள்ளே வெற்றிடம் என்பதால் 'டொம்' என்று சத்தம் வந்தது. குளத்தில் இருந்த பிள்ளைகள்கூடச் சிரித்துவிட்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "கேட்டியா? கீழ சுரங்கப்பாதை இருக்கு" என்றார். துண்டு கொண்டுவந்த மலாய்ப் பையனிடமும், "இனி ராஜா சோழா பூஞா" என்று அறிவித்தார். அவன் பணிவாக, "பெத்துல், அங்கிள்" என்று ஒப்புக்கொண்டு, இரவு மின்மினி பார்க்கப் படகு வேண்டுமா என்று கேட்டான். அந்த "பெத்துல்" இன்றுவரை அரசாங்க ஆதாரமாக மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது.

கம்போங் குவாந்தானில் சம்பானில் ஏறி உட்கார்ந்தோம். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்கின்றன. இப்படிக் கூட்டமாகத் தாளம் தப்பாமல் மின்னும் இனத்தைப் பார்க்க உலகின் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அண்ணன் 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்துக்குப் போகும் வழியில் இந்த ஆற்றில் தண்ணீர் பிடித்ததை விவரித்துக்கொண்டிருந்தார். துடுப்புப் போட்டவர் "ஷ்ஷ்" என்றார். நல்லவேளை, இருட்டில் தட்டக் கல் இல்லை.

இனி பல்லவர் கதை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மகன் குவாத்தமாலாவுக்குச் சுற்றுலா போனான். டிக்கால் என்ற பழைய மாயா நகரம். காட்டுக்குள்ளேயே விடுதி, விடியலில் குரங்குகளின் அலறல், மரங்களுக்கு மேலே தலைநீட்டும் கற்கோபுரங்கள். படம் அனுப்பியிருந்தான். அண்ணன் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணை மூடினார். கைப்பேசித் திரையை மூன்று முறை தட்டினார்.

அந்தக் கோபுரம் எட்டாம் நூற்றாண்டு, ராஜேந்திரன் பதினொன்றாம் நூற்றாண்டு, கணக்கு இடிக்கிறதே அண்ணே என்றேன். சளைக்கவில்லை. "அப்ப பல்லவன்." சாட்சிக்குக் கணபதி ஸ்தபதியை அழைத்தார். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய அந்தப் பெரியவர், நம் மயன்தான் மாயா மக்களுக்கும் ஆசான் என்று சொன்னது உண்மைதான். ஆனால் டிக்கால் கல்வெட்டுகளை அறிஞர்கள் இன்று படித்துவிட்டார்கள். எந்த அரசன் எப்போது முடிசூடினான் என்பதுவரை அதிலேயே இருக்கிறது. மாயா மக்களும் எங்கும் போய்விடவில்லை. குவாத்தமாலாவில் இலட்சக்கணக்கில் வாழ்கிறார்கள், தங்கள் மொழிகளைப் பேசுகிறார்கள். அவர்கள் பாட்டன் கட்டியதை நாம் எடுத்துக்கொண்டால், நம் பாட்டன் கட்டியதை யாராவது எடுத்துக்கொள்ளும்போது எந்த வாயால் சண்டை போடுவது?

திட்டிக்கொண்டே போகவும் மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கடையில் பில்லை யாரையும் தொடவிடமாட்டார். நடக்க முடியாத அத்தையை மலைமேல் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது அவர்தான். தோட்டத்துப் பிள்ளை, மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். பள்ளியில் இங்கிலாந்து அரசர்களை வரிசையாக ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அப்பாவைக் 'கூலி' என்று யாரோ கூப்பிடுவது காதில் விழும். அப்படி வளர்ந்தவர், நம் ஆட்களிலும் ராஜா இருந்தானா என்று ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் கேட்கிறார். கேட்கட்டும்.

என் கோபமெல்லாம் திரும்பி வரும் வழியில்தான். பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாக வருகிறோம். 2007இலிருந்து அதற்குப் பெயர் பெஸ்தாரி ஜெயா. இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார். நட்டவர் என்று அவர் பெயர் இருக்கிறது. குழி வெட்டியவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?

அண்ணன் பிறந்த தோட்டம் அங்கிருந்து அதிக தூரமில்லை. லயங்களை இடித்துவிட்டார்கள். ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை, ஒரு கிணறு, புகைவீட்டின் செங்கல் கொஞ்சம், மரத்தடியில் ஒரு முனியாண்டி. காடியை நிறுத்தச் சொன்னேன். "அங்க என்னா இருக்கு? இடிஞ்ச லயம்தான்லா" என்று எண்ணெயை மிதித்தார்.

இதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடித்தளம் யாரோடது என்று ஊரெல்லாம் கேட்கிறவர், அடித்தளம் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லாத ஒரே இடத்தில் இறங்கமாட்டேன் என்கிறார். பிரட்டுக்களத்தில் யார் பெயர் கூப்பிட்டார்கள், எந்தக் குடும்பத்து ஆள் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை, பால்வெட்டுக்குப் போகும் வழியில் எந்த மேட்டில் யாரைப் புதைத்தார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டால்தான் சொல்வார். அதுவும் பாதியில் ராஜேந்திரன் வந்துவிடுவான். சோழனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. அண்ணன் மறந்தாலும் அவன் பிழைத்துக்கொள்வான். அந்த லயத்துக்கு அண்ணனை விட்டால் வேறு கல்வெட்டு இல்லை.

இப்போது அடுத்த ஆண்டு டிக்கால் போகத் திட்டம் போட்டிருக்கிறார். காட்டு விடுதியில் அறைக்கு முன்பணம் கட்டச் சொல்லி எனக்குத் தினமும் குரல் செய்தி வருகிறது. வருகிறேன் அண்ணே, ஆனால் முதலில் உங்கள் தோட்டத்தில் ஒரு காலைப்பொழுது; எந்த வாசல் யார் வீடு என்று நீங்கள் காட்டுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"அங்க கொசு பிடுங்கித் தின்னுடும் தம்பி" என்கிறார்.

குவாத்தமாலாக் காட்டுக் கொசுவைப் பல்லவர்கள் அப்போதே ஒழித்துவிட்டார்கள் போலிருக்கிறது.